வெளிநாட்டுக் கோச்சும் முனிராஜின் கார்டும்

இன்று காலை பாகலூரிலிருந்து கிளம்பிய கம்பெனி பஸ்ஸில் ஒரே பேச்சு. இந்திய ஃபுட்பால் டீமுக்கு வெளிநாட்டுக் கோச் தேவையா?

தமிழ், கன்னடம், தெலுங்கு, மூன்றிலும் ஒரே பதில்தான். "நம்மாளுங்களுக்கு இல்லாத மூளையா அவனுக்கு இருக்கு?"

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃபிட்டர் முனிராஜ் மட்டும், "வரட்டும் சார், நல்லதுதான்" என்றார்.

போன மாதம் வந்த ஜெர்மன்காரரை மனதில் வைத்துத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. எங்கள் லைனில் ஒரு பிரஸ் மெஷின் அடிக்கடி நின்றுபோகும். அதைப் பார்க்க வந்தவர், நாங்கள் போட்டுக் காட்டிய ஸ்லைடைப் பாதியில் நிறுத்தச் சொன்னார். "இந்த மெஷினில் தினமும் கை வைப்பது யார்?" என்று கேட்டார். நேராக முனிராஜிடம் போனார். முனிராஜ் சொன்னபடியே மாற்றினோம். இன்றுவரை மெஷின் நிற்கவில்லை.

"அவ்வளவு பெரிய அறிவாளியா அவரு?" என்று கேட்டேன்.

"அதில்ல சார். அவரு வெளியாளு. இங்க யார்கிட்ட கேக்கக் கூடாதுன்னு அவருக்குத் தெரியல. அதான் என்கிட்ட கேட்டுட்டாரு."



அந்த மெஷினுக்கான அதே யோசனையை இரண்டு வருஷம் முன்பே முனிராஜ் சஜஷன் கார்டில் எழுதிக் கொடுத்திருந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கி, டிராயரில் போட்டவன் நான்தான்.

உங்க டிராயர்ல யாரோட கார்டு கிடக்குன்னு ஒரு தடவை பார்த்துட்டு வாங்க. அப்புறம் கமெண்ட்ல கோச்சைப் பத்திப் பேசலாம்.