துருக்கி நர்ஸ்

அங்காராவிலிருந்து ஊருக்கு வந்த மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டு கொல்லையில் நின்றேன். பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"எப்பம் வந்த மக்கா? அங்க நைட் டியூட்டி ஒருபாடு உண்டோ? கண்ணெல்லாம் உள்ள போய்க் கெடக்குது."

ஏதோ தமாஷ் என்று நினைத்துச் சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை.

"எனக்க மருமவளுக்க தங்கச்சி நர்ஸிங் கடைசி வருஷமாக்கும். எல்லாரும் ஜெர்மனிக்குப் போறாங்க. துருக்கியில எடுப்பாங்களா? நீ ஒண்ணு விசாரிச்சுச் சொல்லணும்."

வாயில் நுரை இருந்தது. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

அடுக்களையில் அம்மா மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். மாமி ஏன் என்னை நர்ஸ் என்று நினைக்கிறாள் என்று கேட்டேன். அம்மா கத்தியைக் கீழே வைக்காமல், "அத அப்பாட்ட கேளு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "அப்பா பொய் ஒண்ணும் சொல்லல்ல. கடையில யாரோ மக எங்கன்னு கேட்டாங்க. துருக்கியிலன்னாரு. நர்ஸா இருக்கும் இல்லியான்னு அவங்களே கேட்டாங்க. இவரு தலைய ஆட்டிட்டாரு. அம்புட்டுதான்."

அது அப்படித்தான் நடந்திருக்கும். கேரள எல்லையோரத்தில் பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் எந்தச் சந்தில் நுழைந்தாலும் வெளிநாட்டில் ஒரு நர்ஸ் இருக்கிற வீடு உண்டு. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் விமானம் ஏறினால் அதற்கு ஒரே காரணம்தான். அப்பாவுக்கு மோட்டார் வைண்டிங் வேலை. உதியன்குளங்கரைக்குப் போகிற ரோட்டில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. எரிந்துபோன பம்ப்செட்டுகளைக் கொண்டுவருகிறவர்கள் காத்திருக்கும்போது குடும்ப விசேஷம் கேட்பார்கள். கையில் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருக்கிற மனிதர், என் மகள் துருக்கியப் பள்ளிகளில் இசைக் கல்வி எப்படி வளர்ந்தது என்று ஆராய்ச்சி செய்கிறாள் என்று எங்கிருந்து தொடங்குவார்? தலையை ஆட்டுவது சுலபம்.

ஆனாலும் எனக்கு முகம் சுட்டது. என் படிப்பு வீட்டில் மறைத்துவைக்கிற விஷயமாகிவிட்டது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் படித்ததைச் சொல்கிறேன். துருக்கியில் குடியரசு பிறந்த புதிதில், நாட்டைப் புதிதாக்க வேண்டுமென்றால் காதையும் புதிதாக்க வேண்டும் என்று நினைத்தார்கள். இசை ஆசிரியர்களைத் தயாரிக்க அங்காராவில் ஒரு பள்ளி தொடங்கினார்கள். பியானோவும் ஐரோப்பிய முறைப் பாடல்களும் வகுப்புக்குள் வந்தன. கிராமங்களுக்கு அனுப்புவதற்காகப் பயிற்சி தந்த ஆசிரியர்கள் கையில் மாண்டலின் கொடுத்தார்கள். நல்ல காரியங்கள்தான். ஆனால் பிள்ளைகள் வீட்டில் கேட்டு வளர்ந்த பாட்டு வகுப்புக்கு வெளியே நின்றது. அந்தப் பாட்டில் பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழுகிற ஸ்வரங்கள் உண்டு. அவற்றைப் பாடுகிற பிள்ளை அபஸ்வரம் பாடுவதாக ஆசிரியர் திருத்துவார். வெகுகாலம் கழித்துத்தான் சாஸ் என்ற நீளக் கழுத்துத் தந்தி வாத்தியமும் அந்த ஸ்வரங்களும் மெல்ல மெல்லப் பாடத்துக்குள் வந்தன. அந்த வருகை எப்படி நடந்தது, எங்கே இன்னும் நடக்கவில்லை என்பதுதான் என் ஆராய்ச்சி.

பாறசாலைக்காரி ஒருத்திக்கு இது எதற்கு என்று அங்கேயும் கேட்டிருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் வயலின் படிக்கச் சேர்ந்தபோது, நான் வாயைத் திறந்தாலே வகுப்பில் சிரிப்பு வரும். என் மலையாளத்தில் தமிழ் இருந்தது. தமிழர்களைக் கேலியாகச் சொல்வது போல "பாண்டி" என்று கூப்பிட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் களியக்காவிளையில் போய்ப் பேசினால் மலையாளத்தி என்பார்கள். வீட்டுச் சத்தத்தைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். துருக்கியைப் பற்றி முதலில் ஒரு கட்டுரை படித்தபோது அதுதான் என்னைப் பிடித்து இழுத்தது.

இதையெல்லாம் அங்காராவில் அறிமுகமில்லாத பேராசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். அப்பாவிடம் போனில், "ரிசர்ச்சாக்கும் அப்பா" என்று மட்டும் சொல்வேன். "நல்லா படி மக்கா" என்பார். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்பார்.

மாமி சொன்னதை அப்பாவிடம் நான் கேட்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நாட்கள் நான் ஊரில் நர்ஸாக இருந்தேன். சர்ச் வாசலில் ஒருவர் சர்க்கரை ரிப்போர்ட்டைக் காட்டினார். "டாக்டர்ட்ட காட்டுங்க" என்றேன். உண்மையான நர்ஸும் அதைத்தானே சொல்வாள் என்று சமாதானம் செய்துகொண்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு சின்னக் கூசல் வரும், போகும். விடுமுறை முடிந்து விமானம் ஏறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தேன்.

மாமியின் கணவர், நாங்கள் மாமா என்று கூப்பிடுபவர், பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். சிறுநீர் போவதற்கு டியூப் போட்டிருந்தது. பஞ்சாயத்திலிருந்து வீட்டுக்கு வருகிற நர்ஸ் அதை மாற்றிக்கொடுப்பார். ஒரு காலையில் மாமி எங்கள் கடைக்குள் ஓடி வந்தாள். நான் அப்பாவுக்குத் தேநீர் கொண்டுவந்து நின்றிருந்தேன். மோட்டாரோடு இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"மக்கா, ஒண்ணு வா. மாமனுக்க டியூப் அடைச்சுப் போச்சு. வயிறு கல்லு மாதிரி வீங்கியிருக்கு. வேதனையில அலறுதாரு. சிஸ்டருக்கு போன் பண்ணினேன், அவ வேற எடத்துல நிக்கா, வர மத்தியானம் ஆவுமாம்."

காத்திருந்தவர்களில் ஒருவர், "பக்கத்துலதான் நர்ஸு உண்டே, பின்ன என்ன" என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கையில் கம்பி அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அந்த நொடியில் நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வார்த்தை போதும். ஆனால் அந்த இரண்டு பேருக்கு முன்னால் அப்பாவைப் பொய்யராக்க என்னால் முடியவில்லை. அல்லது நான் யார் என்று அங்கே சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. இரண்டில் எது என்று இன்றும் எனக்குச் சரியாகத் தெரியாது. தேநீர் டம்ளரை வைத்துவிட்டு மாமியின் பின்னால் நடந்தேன்.

அந்த வீட்டில் எனக்கு வழிவிட்டார்கள். மருமகள் ஒரு பாத்திரத்தில் வெந்நீரும் புது சோப்பும் துவைத்து மடித்த டவலும் கொண்டுவந்து வைத்தாள். நான் கை கழுவினேன். விரல் விரலாகக் கழுவினேன். கழுவிக்கொண்டிருக்கும் வரையில் வேறு எதுவும் செய்ய வேண்டாமே என்றுதான் அப்படிக் கழுவினேன். மாமாவின் முனகல் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் கொஞ்சம் அடங்கினார். ஆள் வந்துவிட்டது என்ற நம்பிக்கை அந்த முகத்தில் தெரிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மாமி, எனக்கு இது தெரியாது" என்றேன்.

"தெரியாதுன்னா?"

"நான் நர்ஸ் இல்ல மாமி."

மருமகள் கையிலிருந்த டவலை மார்போடு பிடித்துக்கொண்டாள். மாமி நான் சொன்னது விளங்காதவள் போல என் ஈரக் கைகளைப் பார்த்தாள்.

"பின்ன நீ அங்க என்ன செய்யுத?"

"படிக்கேன். அங்க பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு எப்படிப் பாட்டு சொல்லிக் குடுக்காங்க, அது எப்படி மாறிச்சுங்கிறதப் பத்தி."

"பாட்டா?"

"ஆமா மாமி."

வலியில் துடிக்கிற ஒரு மனிதரின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று இதைச் சொன்னேன். நான்கு வருடமாக நான் பெரிதாக நினைத்த விஷயம் அந்த அறையில் என் வாயிலிருந்து வெளியே வந்தபோது, எனக்கே அது ஒரு கிறுக்குத்தனமாகக் கேட்டது. மருமகள் சட்டென்று, "ஆட்டோ விளிக்கட்டா?" என்று மாமியைக் கேட்டாள். அதற்குப் பிறகு என்னை யாரும் பார்க்கவில்லை.

ஆட்டோ வந்தது. மாமாவைத் தூக்கி ஏற்ற ஆள் போதவில்லை, நானும் கால் பக்கம் பிடித்தேன். பின்சீட்டில் அவரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மாமியும் நானும் இருந்தோம். நெய்யாற்றின்கரை வரைக்கும் ரோட்டின் ஒவ்வொரு குழிக்கும் அவர் பல்லைக் கடித்தார். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் நர்ஸ், என்னைவிடச் சின்னவள், திரையை இழுத்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் முனகல் நின்றது. வெளியே வந்து, "இத்ர நேரம் வச்சோண்டு இருக்கருதாயிருந்நு" என்று மலையாளத்தில் மாமியைக் கடிந்தாள். இவ்வளவு நேரம் வைத்துக்கொண்டு இருந்திருக்கக் கூடாது என்றாள்.

மாமி தலையைக் குனிந்து ஏச்சை வாங்கிக்கொண்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மாமாவைக் கூட்டிக்கொண்டு திரும்பி வரும்போது, உதியன்குளங்கரை தாண்டியதும், ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நீ நர்ஸ் இல்லங்கிறது எனக்குப் பிரச்சினை இல்ல மக்கா. பாட்டு படி, கூத்து படி, ஒனக்க இஷ்டம். ஆனா கடையில வச்சே சொல்லியிருந்தா நான் அப்பமே ஆட்டோ விளிச்சிருப்பேன். நீ கை கழுவினப்ப அவரு அலறினாரே."

அதில் கோபம் இல்லை.

வீட்டுக்கு வந்தால் கடை சாத்தியிருந்தது. அந்த நேரத்தில் அப்பா கடை சாத்தி நான் பார்த்ததில்லை. கொல்லையில் கல்லில் உட்கார்ந்திருந்தார். விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது. மருமகள் மதில் வழியாக அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

"அவருக்கு எப்படி உண்டு?" என்றார்.

"இப்பம் பரவால்லப்பா."

"ஒனக்க படிப்பு எனக்குக் குறைச்சல்னு இல்ல மக்கா. எனக்கு அதச் சொல்லத் தெரியல்ல. ஒரு தடவ சொல்லிப் பாத்தேன். மக பாட்டு படிக்கான்னு சொன்னேன். சினிமாவுக்கான்னு கேட்டாங்க. இல்லன்னேன். கல்யாணக் கச்சேரிக்கான்னு கேட்டாங்க. அப்புறம் நான் விட்டுட்டேன்" என்றார்.

நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன படிக்கிறேன் என்று அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சொன்னேன். வரலாற்றைச் சொன்னால் நீளும் என்று, அங்காராவுக்கு வெளியே ஒரு பள்ளியில் நான் பார்த்த வகுப்பைச் சொன்னேன். ஒரு சின்னப் பெண் வீட்டில் கேட்ட தாலாட்டைப் பாடினாள். ஆசிரியை கீபோர்டில் அந்த ஸ்வரத்தைத் தேடினாள். ஒரு கட்டையை அழுத்தினாள், பொருந்தவில்லை. பக்கத்துக் கட்டையும் பொருந்தவில்லை. பழைய காலமாக இருந்தால் பிள்ளையைத் திருத்தியிருப்பார்கள். இவள் கீபோர்டை அணைத்துவிட்டு, "நீ மறுபடியும் பாடு, நாங்க ஒன்கூடப் பாடுறோம்" என்றாள். வகுப்பு முழுவதும் அந்தப் பிள்ளையைப் பின்பற்றிப் பாடியது.

அப்பா கவனமாகக் கேட்டார். "அந்தப் பிள்ளைக்கு மார்க் குடுத்தாளா?" என்றார்.

"முழு மார்க், அப்பா."

"அப்பம் செரி" என்றார். எழுந்துபோய்க் கடையைத் திறந்தார்.

அன்று மாலை அவரே மாமி வீட்டுக்குப் போனார். என்ன பேசினார் என்று தெரியாது. திரும்பி வரும்போது செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெகுநேரம் உள்ளே வராமல் நின்றார். ஊருக்குள் பேச்சு இரண்டு வாரம் ஓடியது. ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னைப் பார்த்து யாராவது சிரித்தால் அதுதான் காரணம் என்று தோன்றும். வேறு காரணமாகவும் இருந்திருக்கலாம். மாமி என்னிடம் பழையபடிதான் பேசினாள், நான்தான் மதில் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். மாமாவைப் பார்க்க ஒரே ஒரு தடவை போனேன். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த அறையில் உட்கார எனக்கு மனம் வரவில்லை, நின்றபடியே திரும்பிவிட்டேன்.

திரும்பிப் போகிற நாளில் விமான நிலையத்துக்குக் காரில் அப்பாவும் வந்தார். காட்டாக்கடையைச் சேர்ந்த டிரைவர், பேச்சுப் பிரியர். பாலராமபுரம் நெரிசலில் வண்டி நின்றபோது, மகள் எங்கே போகிறாள், என்ன வேலை என்று மலையாளத்தில் அப்பாவைக் கேட்டார். அப்பா தொண்டையைச் செருமினார்.

"படிக்கியாணு" என்றார். "துருக்கியில ஸ்கூலில் பாட்டு படிப்பிக்குன்னதில்லே, அதிந்டெ..." பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறார்களே, அதனுடைய என்பது வரைக்கும் வந்து நின்றுவிட்டது. மிச்சத்தை நான் சொல்வேன் என்று என் பக்கம் திரும்பினார்.

நான் சொன்னேன். என்னால் முடிந்த அளவு எளிதாக, முழுவதையும் சொன்னேன். டிரைவர் கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தார், "ஓ" என்றார், சிக்னலில் பச்சை விழுந்ததும் கியரை மாற்றினார். எனக்கு வெட்கத்தில் காது சூடாகியிருந்தது. அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.