மான்கிலின் சம்பந்தி விருந்து

கும்ரேவுக்கு அன்று காலையிலிருந்து கை கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டைக்கே மறுபடி இஸ்திரி போட்டாள். அடுப்பை அணைத்தோமா என்று மூன்று முறை போய்ப் பார்த்தாள். அன்றைக்கு அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை. மதியம் ஜொன்ஜு நகரத்தில் ஒரு ஹோட்டலில் சம்பந்தி வீட்டாரோடு முதல் சாப்பாடு. மகள் போராமின் கல்யாணம் உறுதியாவதும் கலைவதும் அந்த மேஜையில்தான்.

அவளுடைய பயமெல்லாம் புருஷனின் வாயைப் பற்றியது.

மான்கில் முப்பத்தொரு வருஷம் குன்சானுக்கும் ஜொன்ஜுவுக்கும் இடையே பஸ் ஓட்டியவர். போன குளிர்காலத்தில் பக்கவாதம் தாக்கியது. கால் தேறிவிட்டது, வலது கை பாதி தேறியது, பேச்சு மட்டும் திரும்பவில்லை. எல்லாம் புரியும், எல்லாம் நினைவிருக்கும், வாய்தான் அவர் பேச்சைக் கேட்பதில்லை. ஆனால் ஒன்றே ஒன்று மட்டும் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு வரும். "பப் ஜ்வோ." சோறு போடு.

வராமல் எப்படி இருக்கும்? முப்பத்து நான்கு வருஷ தாம்பத்தியத்தில் மனைவியிடம் அவர் அதிகமாகச் சொன்னது அதைத்தான். டூட்டி முடிந்து வாசலில் ஷூவைக் கழற்றும்போதே சொல்லிவிடுவார். மார்க்கெட்டில் தன் தொடுகறிக் கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று கிம்ச்சி ஊறுகாய் கலந்து விற்றுவிட்டு அவளும் அப்போதுதான் வந்திருப்பாள். மறுபேச்சில்லாமல் போடுவாள். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு, இருப்பதை அடுப்படியில் நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வாள். நீ சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தோன்றியதே இல்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண், சோறு, சூப், கிம்ச்சி படங்களை மேஜையில் பரப்பி, "முதல்ல என்ன சொல்லக் கத்துக்கலாம் ஐயா?" என்று கேட்டாள். மான்கில் காலண்டரில் விருந்து நாளைத் தொட்டுக் காட்டினார். பிறகு கரண்டி எடுப்பதுபோல் கையை உயர்த்தி, சுற்றிலும் ஆட்கள் இருப்பதாகக் காட்டினார். கும்ரேவுக்கு உடனே விளங்கிவிட்டது. மேஜையில் மூத்தவர் ஆரம்பிக்காமல் யாரும் கரண்டியைத் தொடமாட்டார்கள். இரண்டு அப்பாக்களில் மூத்தவர் மான்கில். "பப் மொகுப்சிதா" என்று அவர்தான் சொல்ல வேண்டும். சாப்பிடலாம் வாங்க.

அந்த ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மாதம் ஆனது. ஆகியும் வரவில்லை.

"எங்க, சொல்லுங்க. சாப்பிடலாம் வாங்க," என்பாள் கும்ரே.

"பப்..." நெற்றி வியர்க்கும், கழுத்து நரம்பு புடைக்கும். "பப் ஜ்வோ."

"வந்துருச்சு பாரு ராஜாவுக்கு. சீக்குல விழுந்தும் அதிகாரம் மட்டும் குறையல."

அவர் இடது கையால் மேஜையில் ஓங்கி அடிப்பார். கோபம் அவள்மேல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் எரிச்சல் வரும்.

கடைசியில் அவள் ஒரு காரியம் செய்தாள். சம்பந்தியம்மாவுக்கு போன் போட்டு, அவருக்குத் தொண்டையில் புண், டாக்டர் பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று அளந்துவிட்டாள். நோயாளி வீட்டில் பெண் எடுக்கிறோம் என்று அவர்கள் முகம் சுளித்துவிட்டால்?

"இன்னைக்கு மறைச்சிருவ. கல்யாணத்தன்னைக்கு என்னம்மா பண்ணுவ?" என்றாள் போராம்.

"அத அப்போ பாத்துக்கலாம்டி. முதல்ல தேதியக் குறிக்கட்டும்."

ஜொன்ஜு போகும் பஸ்ஸில் புருஷன் காதோரம் ஓதிக்கொண்டே வந்தாள். "வாயத் திறக்காதீங்க. கரண்டிய மட்டும் எடுங்க, அவங்களா ஆரம்பிச்சிருவாங்க. இந்த ஒரு நாள் என் பேச்சக் கேளுங்க." மான்கில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். சரி என்று அல்ல, மாட்டேன் என்று.

மாப்பிள்ளையின் அப்பா டைல்ஸ் கடைக்காரர். ஆள் வாட்டசாட்டம், சிரித்தால் அறை அதிரும். அவர் மனைவி காதில் முத்துத் தோடு போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் அமைதியாகக் கவனித்துக்கொண்டிருந்தார். மீனும் கீரையும் சூப்பும் வந்து மேஜை நிரம்பியது. மூடிய சோற்றுக் கிண்ணங்களை மட்டும் பரிமாறுகிறவள் ஒரு தட்டில் ஓரமாக வைத்துவிட்டுப் போனாள். பேச்சு நின்றது. எல்லாக் கைகளும் மடிக்குப் போயின. எல்லாக் கண்களும் மான்கிலிடம் வந்தன.

அவர் கரண்டியை எடுக்கவில்லை. கும்ரே மேஜைக்கடியில் அவர் முழங்காலை அழுத்தினாள், கிள்ளினாள். அவர் வாயைத் திறந்தார்.

"பப் ஜ்வோ."

சம்பந்தியம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. சோற்றுத் தட்டு அவர் பக்கத்தில்தான் இருந்தது. எனக்கா சொன்னார் என்பதுபோல் புருஷனைப் பார்த்தார். கும்ரேவுக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அடுத்த பொய்க்கு அவள் வாயெடுத்தாள். போராம் முந்திக்கொண்டாள்.

"தொண்டைப் புண்ணு இல்ல மாமா. அப்பாவுக்குப் பக்கவாதம். 'சாப்பிடலாம் வாங்க'ன்னு உங்ககிட்ட சொல்லணும்னு ரெண்டு மாசமா படிச்சிட்டிருக்காரு. வேற வார்த்த வந்துருச்சு."

டைல்ஸ் கடைக்காரர் மான்கிலையே பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் கும்ரே மனசுக்குள் கல்யாணத்தைக் கலைத்து, மகளைக் கூட்டிக்கொண்டு குன்சானுக்கே திரும்பிப் போய்விட்டாள்.

அவர் எழுந்தார். ஒரு சோற்றுக் கிண்ணத்தை எடுத்து மூடியைத் திறந்து, இரண்டு கையாலும் மான்கில் முன்னால் வைத்தார்.

"சோறு போட்டாச்சு சம்பந்தி. இப்ப சொல்லுங்க. எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல."

"சூப் ஆறினா சூடு பண்ணித் தரச் சொல்லலாம்," என்றார் சம்பந்தியம்மா. பிறகு கும்ரே பக்கம் திரும்பி, "இதயா எங்ககிட்ட மறைச்சீங்க?" என்றார். கும்ரே தலையைக் குனிந்துகொண்டாள்.

காத்திருந்தார்கள். மான்கிலின் உதடு கூடிப் பிரிந்தது, கூடிப் பிரிந்தது. மீன் ஆறியது. கும்ரேவுக்குப் பழைய பழக்கம், அவருக்காக அந்த வார்த்தையைத் தானே சொல்லித் தொலைத்துவிடலாமா என்று நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மான்கில் சம்பந்திகளைப் பார்க்கவில்லை. மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"பப்... மொ... குப்... சிதா."

இந்த மேஜைக்காகப் படித்த வார்த்தை அது. அதை முதலில் தன்னிடம் சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை. முப்பத்து நான்கு வருஷமாக யாரும் தன்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கு உறைத்தது. கண் நிறைந்து, எதிரிலிருந்த ஒன்றும் தெரியவில்லை. கை அதுபாட்டுக்குப் போய்க் கரண்டியை எடுத்தது. மூத்தவருக்கு முன்னால், சம்பந்திகளுக்கு முன்னால், எல்லாருக்கும் முதலாகச் சூப்பை அள்ளி வாயில் வைத்தாள்.

மான்கில் தன் கரண்டியைத் தொடாமல், அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.