வலப்பக்கத்துத் தாடிக்காரன்

மகன் டிவியில் சண்டை விளையாட்டைத் திறந்தான். இரண்டு கேம் கம்பெனிகளின் வீரர்கள் ஒரே திரையில், இடப்பக்கம் ஒரு கூட்டம், வலப்பக்கம் ஒரு கூட்டம். ஆளைத் தேர்ந்தெடுக்கும் கட்டம் 'டிக் டிக்' என நகர்ந்ததும் எனக்குப் பழைய கடை ஒன்று ஞாபகம் வந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில், காரைக்குடியில், சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு வீடியோ கேம் கடை. உள்ளே புழுக்கமும் சூடேறிய வயர் வாசனையும். அங்கிருந்த மிஷினிலும் இதேபோல இடம், வலம் என இரண்டு கூட்டம். விளையாட்டில் எல்லோரிடமும் தோற்பவன் நான். பின்னால் நின்று கத்துவதில் மட்டும் கில்லாடி. ஒருநாள், நண்பன் ஆரோக்கியத்தின் அப்பாவுக்கு மதுரையில் ஆபரேஷன்.

"உங்க கோயில்ல பூப்போட்டுக் கேப்பீகல்ல, அது மாதிரி கேக்கப் போறேன். இடப்பக்கத்து ஆளு வந்தா அப்பா வந்துருவாரு" என்றான்.

பொத்தானை அழுத்தாமல் விட்டால் மிஷினே ஆளை எடுத்துக்கொள்ளும். அவன் கையை எடுத்தான். கட்டம் ஓடி ஓடி, வலப்பக்கத்துத் தாடிக்காரன்மேல் நின்றது.

"பழைய மிஷின்டா. இன்னொரு தடவ கேளு" என்றேன்.

"சாமிக்கிட்ட ரெண்டாந்தடவ கேப்பீகளாடா?"

அப்போது அவன் சித்தப்பா மதுரையிலிருந்து வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அந்தக் கடைக்குள் அதுவரை யாரும் செருப்பைக் கழற்றியதில்லை. ஆரோக்கியம் எதுவும் கேட்காமல் எழுந்துகொண்டான்.

"உங்களுக்கு யாருப்பா? ரேண்டம் போடட்டுமா, அதுவே எடுத்துக்கும்?" என்றான் மகன், டிவியைப் பார்த்தபடி.

"வேணாம்டா. மொதல்ல நிக்கிறவனே போதும்."