நாத்தனாருக்குச் சுற்றிப் போட்ட மிளகாய்

என் கணவரின் தங்கையும் நானும் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரே வகுப்பில் பௌதிகவியல் படித்தவர்கள். முதல் வகுப்பில் தேறியவள் நான். பிறகு நான் அவள் வீட்டுக்கு மருமகளாகப் போனேன், அவள் ஜெர்மனிக்கு ஆராய்ச்சிக்குப் போனாள். வெடித்துச் சிதறும் நட்சத்திரங்களிலிருந்து வரும் நியூட்ரினோக்களைத் தேடுவது அவள் வேலை. பாடசாலையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் செய்யாத வீட்டுப்பாடத்துக்குச் சாக்குக் கேட்பது என் வேலை.

இந்த வருஷம் தேர்த் திருவிழாவுக்கு மாத்தளைக்கு வந்திருந்தாள். என் மகள் அவளை விட்டு நகரவேயில்லை.

"கண்ணுக்கே தெரியாத ஒரு துணிக்கைக்கு அவ்வளவு சக்தி எப்படி அத்தை வருது?"

நாத்தனார் மேசையில் மகளின் பாடக் கொப்பிகள் இரண்டை நிறுத்தி, நடுவில் ஒரு கோலிக்குண்டை உருட்டிவிட்டாள். கொப்பிகளை நெருக்க நெருக்க, குண்டு இரண்டிலும் மோதி மோதி வேகம் கூடியது.

"நட்சத்திரம் வெடிச்சா அதிர்ச்சி அலை கிளம்பும். துணிக்கை அதை இப்படித்தான் மாறி மாறித் தாண்டுது. ஒவ்வொரு தடவையும் சக்தி ஏறும். கடைசியா எதுலயாவது மோதுறப்ப நியூட்ரினோ பிறக்கும். மின்னேத்தம் உள்ளதெல்லாம் காந்தப்புலத்துல வளைஞ்சு திசை மாறிப்போயிரும். நியூட்ரினோ மட்டும் நேரா வரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கொப்பியும் குண்டும் என்னுடையவை. பாடம் புரியாமல் அவள் முழித்தபோது வளாகக் கேன்டீனில் நான் செய்துகாட்டியது. போன வருஷம் மகளுக்கும் இதே மேசையில் காட்டினேன். அவள் போனைப் பார்த்தபடி "ம்" கொட்டினாள். இப்போது வாயைப் பிளந்து கேட்கிறாள்.

"இப்படி யாருமே எனக்குச் சொல்லித் தந்ததில்ல அத்தை!"

பொழுது சாய்ந்ததும் மாமியார் காய்ந்த செத்தல் மிளகாயும் உப்பும் கொண்டுவந்து என் கையில் திணித்தார். "நாளைக்குப் பயணம் போற புள்ள. ஊர்க் கண்ணெல்லாம் பட்டிருக்கும். சுத்திப் போடும்மா."

ஆள் பார்த்துத்தான் கொடுத்தார். அவளைச் சுற்றி எடுத்து, கொல்லை அடுப்பில் போட்டேன். கண்ணூறு இருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்கள். வரவேயில்லை.

"பார்த்தியா, நெடியே இல்ல! யாரு கண்ணோ, பொல்லாத கண்ணு," என்று மாமியார் பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

நாத்தனார் சிரித்துக்கொண்டே மகளின் தோளில் கை போட்டாள். "அந்தக் குண்டு விளையாட்டு என்னோடது இல்லடி. உங்கம்மா எனக்குக் கத்துக்குடுத்தது."

அந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று இன்னும் வயிறு எரிந்தது.

மகள் என்னைப் பார்த்தாள். "அப்படியாம்மா? அப்ப ஏன் எனக்கு மட்டும் சொல்லித் தரல?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிளகாய் நெடி என்றேன்.