பல் உடைக்காத கேசட்

பூனாவுக்குப் பக்கத்தில் போபோடியில் ரயில்வே கேட்டைத் தாண்டி மூன்றாவது சந்தில் நுழைந்து, ராக் மியூசிக் கேட்கும் கிறிஸ்டோபர் வீடு எது என்று கேட்டால் யாரும் கையைக் காட்டுவார்கள். என்னைவிட எட்டு வயது மூத்தவன். நேரில் இன்றைக்கும் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுகிறேன். எழுத உட்கார்ந்தால் அந்த மரியாதை வரமாட்டேன் என்கிறது. வராததை வலிய இழுத்து வர நானும் தயாரில்லை.

பூர்வீகம் குடியாத்தம் பக்கம். வேலை ஒரு இரும்புப் பட்டறையில். பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தூக்கிப் போட்டு அடிக்கும் ராட்சதச் சம்மட்டி மெஷின் அவன் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் மற்ற வீடுகளில் ரேடியோவில் சினிமாப் பாட்டு ஓடும். அவன் வீட்டில் டிரம்ஸ் இடிக்கும். அவன் ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்களை அவனே ஆணி அடித்துச் செய்து வைத்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்து வந்து ஓய்ந்துபோனார்கள்.

பூனாவில் எந்தக் கல்லூரி விழாவில் எந்த பேண்ட் வாசித்தாலும் அவன் அங்கே இருப்பான். கழுத்தில் மைக், தோளில் பெரிய டேப் ரெக்கார்டர். அவன் அபிப்பிராயங்களைக் கேட்கவே ஒரு கூட்டம் சுற்றி நிற்கும். மூக்கால் பாடுகிறவனைப் பார்த்தால், “இவனுக்கு விக்ஸ் வாங்கிக் குடுங்கடா” என்பான். பிம்ப்ரியில் பிறந்துவிட்டு அமெரிக்காக்காரன் மாதிரி வாயைக் கோணிக்கொண்டு பாடுகிறவனைக் கண்டால் ஆகவே ஆகாது. கீபோர்டு வைத்த பேண்டை, கல்யாண ஊர்வலத்தில் வாசிக்கிற ‘பராத் பார்ட்டி’ என்று ஒரே சொல்லில் தீர்த்துவிடுவான். ஒருமுறை வெளிநாட்டு பேண்ட் ஒன்றைப் பார்க்க பம்பாய்க்குப் போய் ஒன்பது மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வந்தான். எப்படி என்று கேட்டதற்கு, “பாதி நேரம் பேசிக்கினே இருக்கான். பேச்சு கேக்கணும்னா நான் பாதிரியார் பிரசங்கத்தையே கேட்டுக்க மாட்டேனா?” என்றான். பிற்காலத்தில் கராடிப் பக்கத்து ஐ.டி. கம்பெனிப் பையன்கள் கறுப்பு பனியனும் செல்போனுமாகக் கச்சேரிக்கு வர ஆரம்பித்தபோது, “சனிக்கிழமை ராக்கரு, திங்கக்கிழமை கிளார்க்கு” என்றான். அதில் மட்டும் எனக்கு இன்றைக்கும் சம்மதம்தான்.

அவனுடைய வேதவாக்கு ஒன்று உண்டு. “டிரம்ஸுதான் அஸ்திவாரம். பேஸ் கிதாரு செவுரு. லீட் கிதாரு வாசல்ல கட்டற சீரியல் லைட்டு, அவ்ளோதான். பண்டிகை முடிஞ்சா கழட்டிக் கடாசிடலாம்.” அவன் தூக்கிவைத்துப் பேசியவர்கள் எல்லோரும் டிரம்மர்கள், பேஸ்காரர்கள், தொண்டை கரகரத்த பாடகர்கள். லீட் கிதார் வாசிக்கிறவன் ஒருவனைக்கூட அவன் மெச்சியதில்லை. அதை நாங்கள் ரசனை என்று நினைத்தோம். பெரிய ரசனை!

தீர்ப்பு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு. அந்த வாரம் வாசித்த பையன்கள் அவன் வீட்டுத் தரையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பதிவு செய்த கேசட்டைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்பான். கேசட்டின் முதுகில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் பற்கள் இருக்குமே, அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதிய முடியாது. பிடித்திருந்தால் ஸ்குரூ டிரைவரை எடுத்து எங்கள் கண் முன்னாலேயே பல்லை உடைத்து அலமாரியில் வைப்பான். பிடிக்கவில்லை என்றால் பல்லோடு கேசட்டை நம் கையிலேயே கொடுத்து, “இதுல வேற எதுனா பதிஞ்சுக்க” என்பான். அந்தச் சின்ன ‘டக்’ சத்தத்துக்காகப் பையன்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கல்லூரி விழா நடத்துகிறவர்கள்கூட எந்த பேண்டைக் கூப்பிடலாம் என்று அவனிடம்தான் கேட்பார்கள்.

அப்படி அவன் கண்மூடிக் கேட்கும்போது உள்ளே குக்கர் விசில் அடிக்கும். ஒன்று, இரண்டு, ஐந்து. அவன் மனைவி ஜோசபின் தெருக்குழாயடியில் இருந்தால் அடித்துக்கொண்டே இருக்கும். கைக்கெட்டும் தூரத்தில் அடுப்பு. அவன் அசையமாட்டான். “பார்றா, என்னா ஒரு தியானம்!” என்று நாங்கள் வாயைப் பிளந்தோம்.

எங்கள் பேண்டின் பெயர் ‘கேட் நம்பர் எட்டு’. டேனியல் பேஸ் வாசித்துக்கொண்டே பாடுவான். ஷ்யாம் டிரம்ஸ். நான் கிதார். பாட்டுக்குத் துணையாக நாலைந்து கம்பியைச் சேர்த்து கார்டு அடிப்பதும் நான்தான், நடுவில் தனியாக மேலே ஏறி லீட் எடுப்பதும் நான்தான். 1994 டிசம்பரில் ஒரு கல்லூரி மைதானத்தில் அரை மணி நேரம் வாசித்தோம். இறங்கியதும் பம்பாய் பேண்ட் ஒன்றின் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “எங்களுக்கு ஒரு லீட் கிதாரிஸ்ட் வேணும், வரியா? செவ்வாய்க்கிழமைக்குள்ள சொல்லு” என்றார். எனக்கு இருபத்திரண்டு வயது. கால் தரையில் பாவவில்லை. உடனே சரி என்று சொல்லியிருக்க வேண்டியதுதானே? சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரட்டும், அண்ணன் கேட்டுச் சொல்லட்டும் என்று நினைத்தேன். சொந்தக் காதைவிட அடுத்தவன் காதை நம்பிய முட்டாள் நான்.

ஞாயிற்றுக்கிழமை பம்பாய் விஷயத்தை அவனிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். கேசட் முடிந்ததும் கண்ணைத் திறந்தான்.

“ஷ்யாம், பிரமாதம்டா. டேனியலு, நீயும் ஓகே” என்றான். பிறகு என்னைப் பார்த்தான். “ரவி, கார்டு அடிக்கறப்ப இருக்க. லீட் எடுக்க வேண்டிய எடத்துல நீ ஆளே இல்லடா. மேல போகப் போகக் காணாமப் பூட்ற. உயிரே இல்ல. பம்பாயில இன்னா பண்ணப் போற? சும்மா ஃபால்து ஆசை, ஒண்ணுத்துக்கும் ஆவாது.”

ஸ்குரூ டிரைவரைத் தொடவில்லை. கேசட்டை என் கையில் வைத்தான். “இதுல வேற எதுனா பதிஞ்சுக்க.”

செவ்வாய்க்கிழமை நான் பம்பாய்க்குப் போன் செய்யவில்லை. மறுமாதம் சிஞ்ச்வடில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க்காகச் சேர்ந்தேன். கிதாரை லோஹேகாவில் ஒரு ஏர்ஃபோர்ஸ் பையனுக்கு விற்றேன். மல்லிகாவைக் கட்டினேன். சோனியா பிறந்தாள். அவளுக்கு மூன்று வயதில் அவள் மழலையில் பாடியதைப் பதிய ஒரு கேசட் தேடினேன். பல் உடைக்காமல் வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். குழந்தை பாடிப் பாடிக் களைத்துத் தூங்கும் வரை எங்கள் அரை மணி நேரத்தின்மேல் பதிந்தேன். அதற்கு முன்பும் அந்தக் கேசட்டை நான் போட்டுக் கேட்டதில்லை. ஃபெயிலானவன் பரீட்சைப் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு படிப்பானா?

2006 மழைக்காலத்தில் கிறிஸ்டோபரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். ஆள் பாதியாகிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நான் பேசப் பேச என் வாயையே பார்த்தான். உள்ளே குக்கர் விசில் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஜோசபின் கொல்லையிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

“பக்கத்துலதானே இருக்காரு, அணைக்கக் கூடாதா அண்ணி?” என்று சும்மாதான் கேட்டேன்.

“அவருக்கு எங்க கேக்குது?” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். “காது டாக்டர்கிட்ட காமிச்சோம். டொம்முனு இடிக்கற கீழ்ச் சத்தம்தான் கொஞ்சம் கேக்குதாம். விசிலு மாதிரி கீச்சுனு வர்ற மேல் சத்தம் சுத்தமாப் பூட்ச்சாம். காது மெஷின் வாங்கிக் குடுத்தேன், இரைச்சலா இருக்குன்னு கழட்டிப் போட்டுட்டாரு.”

“எப்பத்துலேர்ந்து அண்ணி?”

“நான் கட்டிக்கினு வந்தப்பவே இந்த விசிலு கேக்காது தம்பி. அந்தச் சம்மட்டி சத்தம் தின்னுட்ச்சு. வெளிய சொன்னா வேலை பூடும்னு மூடி மறைச்சோம்.”

அவர்களுக்குக் கல்யாணம் ஆனது 1990-இல். பந்தியில் பரிமாறியவன் நான். தலையில் யாரோ அம்மிக்கல்லைத் தூக்கிப் போட்டதுபோல் இருந்தது. வேலைக்காக மறைத்தாய், சரி. வயிற்றுப் பிழைப்பு, மன்னிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தீர்ப்புச் சொல்லச் சொல்லி யாரடா உன்னைக் கட்டாயப்படுத்தினார்கள்?

வீட்டுக்கு வந்ததும் சோனியாவின் கேசட்டைத் தேடி எடுத்துப் போட்டேன். மழலைப் பாட்டு ஓடி முடிந்தது. எப்போதும் அங்கேதான் நிறுத்துவோம். அன்று நிறுத்தவில்லை. ஒரு ‘கரக்’ சத்தம். அப்புறம் மைதானம். குழந்தை முன்னாலேயே தூங்கிவிட்டதால் கடைசியில் நாற்பது வினாடி அழியாமல் தப்பியிருந்தது. ஷ்யாம் அடிக்கிறான், டேனியல் வாசிக்கிறான், அதற்கு மேலே என் கிதார் ஏறிக்கொண்டே போகிறது. சுத்தமாக, ஒரு பிசிறு இல்லாமல். வாசித்தது நான்தானா என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. அப்போது மைக்குக்கு வெகு பக்கத்தில் கிறிஸ்டோபரின் குரல்: “லீட் ஏண்டா நிறுத்திட்டான்?”

பக்கத்தில் யாரோ சிரிக்கிறான். அண்ணன் நக்கல் அடிக்கிறார் என்று நினைத்திருப்பான்.

மல்லிகா வந்து, “ஏங்க, என்ன ஆச்சு?” என்று கேட்டபோதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அந்தக் கேசட்டோடு போபோடிக்குப் போனேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்காமல் திரும்புவதில்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டுதான் போனேன். அவனுடைய ஸ்பீக்கரிலேயே, அவனுக்கு எதிரிலேயே போட்டேன். காதை ஒட்டவைத்துக் கேட்டான். அவன் முகம் மலர்ந்தது.

“என் குரல்தானே! பாத்தியா, அன்னிக்கே கரெக்டா சொல்லிக்கீறேன். நிறுத்திட்ட பாரு.”

“நிறுத்தலண்ணே!” என்று கத்தினேன். சந்து முழுக்கக் கேட்டிருக்கும். “வாசிச்சிக்கினுதான் இருக்கேன். நீ சொல்றப்பவும் வாசிச்சிக்கினுதான் இருக்கேன். உனக்குத்தான் கேக்கல!”

என் வாயைப் பார்த்தான். திரும்பி ஜோசபினைப் பார்த்தான். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தார். அவன் கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டான். ஸ்பீக்கர் வலைமேல் கன்னத்தை அழுத்திக்கொண்டான். முடிந்ததும் இன்னொரு முறை. அப்புறம் இன்னொரு முறை. என் கிதார் அந்தச் சின்ன அறை முழுக்க ஏறி ஏறி இறங்கியது. அவன் முகத்தில் அதற்கு ஒரு அசைவும் இல்லை. அவனுடைய குரல் வரும் இடத்தில் மட்டும் இமை துடித்தது.

கேசட்டை வெளியே எடுத்தான். மேசை இழுப்பறையைத் துழாவி ஸ்குரூ டிரைவரைக் கண்டுபிடித்தான். முதல் தடவை வழுக்கியது. இரண்டாம் தடவை ‘டக்’கென்று பல் உடைந்தது.

“நல்லா வாசிச்சிருக்கடா ரவி” என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

பன்னிரண்டு வருடம் நான் ஏங்கிய வார்த்தை. கேட்காமலேயே அன்றைக்கு ஒரு தீர்ப்பு, கேட்காமலேயே இன்றைக்கு ஒரு தீர்ப்பு. அவன் கையிலிருந்து கேசட்டைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஜோசபின், “சாப்ட்டுட்டுப் போ தம்பி” என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இனி அந்தக் கேசட்டில் சோனியாவின் பாட்டும் அழியாது, அந்த நாற்பது வினாடியும் அழியாது. மீதி இருபத்தொன்பது நிமிடத்தை நானே என் கையால் அழித்துவிட்டேன்.