தீயை ஊதி அணைக்காத ரேஞ்சர்

செவ்வாய்க்கிழமை காலை, தேவிகுளம் வன அலுவலகத்தில் தபால்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். சூரியநெல்லியில் ரேஞ்சர் வீட்டிலிருந்து வந்த ஜீப் டிரைவர் என் மேசை முன்னால் நின்று, "சார் போயிட்டாருண்ணே" என்றார். ரோந்துக்குப் போயிருப்பார் என்று நினைத்து, "எங்க, வட்டவடைக்கா?" என்று கேட்டேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லையாம்.

ரேஞ்சர் சுடலைமுத்து அவர்களை நேரில் அறியாத சிலரும் அவரைப் படித்திருப்பார்கள். நான் எழுதிய மாயாஜால நாவலில் ஏழு மலைகளைக் காக்கும் முரட்டுக் காவலர் அவர்தான்.

எழுபத்திரண்டில் நான் கிளார்க்காக அவருடைய அலுவலகத்தில் சேர்ந்தேன். யானைக் கூட்டம் ஒன்று எஸ்டேட்டைக் கடந்ததைப் பற்றி என்னை அறிக்கை எழுதச் சொன்னார். ஆசையாக இரண்டு பக்கம் எழுதினேன். படித்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"யான எத்தன, எந்தப் பக்கம் போச்சு, அத எழுதும்வே. நெலா இருந்துச்சா இல்லையான்னு சர்க்காரு கேட்டுச்சா?"

அன்றிரவே ஒரு நோட்டில் நாவலைத் தொடங்கினேன். கோபம்தான் காரணம். அவருடைய உறுமல், வெற்றிலைக் கறை, யாரையும் உட்காரச் சொல்லாத பழக்கம் எல்லாவற்றையும் என் காவலருக்குக் கொடுத்தேன். மரங்கள் அவரோடு பேசும். புலிகள் அவருக்கு வழிவிடும்.

மறு வருடம் கோடையில் வட்டவடைக்கு மேலே புல்வெளி பற்றிக்கொண்டது. ஆள் போதாமல் என்னையும் ஜீப்பில் ஏற்றினார். பச்சைக் கொப்புகளை ஒடித்துத் தீயை அடித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று காற்று திரும்பியது. செல்லையா என்ற வன வாச்சர் சரிவின் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். எங்களை இருந்த இடத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டு, நனைத்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ரேஞ்சர் புகைக்குள் போனார். அவர் திரும்பி வருவார் என்று நான் நம்பவில்லை. முதலில் கேட்டது அவருடைய வசவுதான்.

"வெறுங்காலோடயாடே தீக்குள்ள வருவ, கூறுகெட்ட பயலே!"

செல்லையா அவர் முதுகில் இருந்தார். இரண்டு உள்ளங்கால்களும் வெந்திருந்தன. வாச்சர்களுக்கு அப்போது பூட்ஸ் கிடையாது. பலமுறை கேட்டு எழுதியும் மேலேயிருந்து பதில் வரவில்லை. மறுநாள் ரேஞ்சர் தம் பூட்ஸைக் கழற்றி, செல்லையாவுக்குப் பதிலாகப் போன வாச்சரிடம் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு அலுவலகம் வந்தார். அன்றிலிருந்து தினமும் அப்படியே வந்தார். மழை பிடித்ததும் கணுக்கால் முழுக்க அட்டைக் கடி. ஆய்வுக்கு வந்த மேலதிகாரி, "பூட்ஸ் எங்கே?" என்று கேட்டார்.

"காட்டுல டூட்டியில இருக்கு, சார்."

அந்த மழைக்காலம் முடிவதற்குள் எல்லா வாச்சர்களுக்கும் பூட்ஸ் வந்துவிட்டது.

நாவலை மதுரையில் ஒரு சின்ன அச்சகத்தார் போட்டார்கள். யாரிடமும் நான் சொல்லவில்லை. ஆனால் டிரைவர் ஒரு பிரதியை வாங்கி ரேஞ்சரின் மனைவி பேச்சியம்மாளிடம் கொடுத்திருக்கிறார். ஒரு நாள் ரேஞ்சர் என்னை உள்ளே கூப்பிட்டார். மேசைமேல் புத்தகம் இருந்தது. மாற்றல் உத்தரவுதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

"இது நானா, வே?"

"ஆமா சார்."

"ஊதுனா அணையுமா தீ?"

என் காவலர் மலையுச்சியில் நின்று ஒரே மூச்சில் காட்டுத்தீயை ஊதி அணைப்பார். வட்டவடைத் தீயை வைத்து எழுதி, நான் மிகவும் பெருமைப்பட்ட அத்தியாயம் அது.

"மரம் பேசட்டும், புலி வழி விடட்டும். அதெல்லாம் உம்ம இஷ்டம். ஆனா அன்னைக்குக் கொப்பு ஒடிச்சு அடிச்சது எத்தன பேரு? இதுல ஒருத்தனையும் காணோமே. செல்லையா எங்கவே?"

இரண்டாம் பாகத்தில் காவலருக்கு மந்திர மூச்சு கிடையாது. செல்லையாவும் மற்ற வாச்சர்களும் தம் சொந்தப் பெயர்களோடு வந்தார்கள். கையெழுத்துப் பிரதியை ரேஞ்சர் வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு வாரம் வைத்திருந்தார். திருப்பிக் கொடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசியில இந்த ஆளு செத்துருவானா?"

"இல்ல சார்."

"சரி. வீட்ல அவ கேட்டா, அதான்."

பேச்சியம்மாள் பிறகு என்னிடம் சொன்னார். "அவுகளுக்குத்தான் தம்பி தெரியணும். என்னையப் படிக்கச் சொல்லிட்டு, கண்ண மூடிக் கேட்டுக்கிட்டே கெடந்தாக."

புதன்கிழமை சூரியநெல்லியில் அவரைத் தகனம் செய்தோம். சுடுகாட்டு வழியில் எஸ்டேட் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். காட்டுக்குள் விறகு பொறுக்கியதற்காக அவரிடம் பிடிபடாதவர்கள் அவர்களில் யாருமில்லை. ஆளுக்கொரு விறகு கையில் வைத்திருந்தார்கள். வயதான ஒரு பெண் முன்னால் வந்து, "எத்தன வாட்டி என் வெறகுக் கட்டப் பறிச்சுப் போட்டிருப்பாரு. ஒரு நாளும் என் பேரக் கேஸுல எழுதுனதில்ல" என்றபடி தன் விறகைச் சிதையில் வைத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள்.

போய் வாருங்கள், சார்.