அவருக்கு அம்மாவாக நடித்தேன்

நாடகக் குழுவில் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. குழுவின் தலைவரும் கதாநாயகனும் ஒருவரேதான், அவருக்கு நாற்பத்தொன்பது. முதல் நாடகத்திலேயே அவருடைய அம்மா வேடத்தை எனக்குக் கொடுத்தார். விக்கும் ரோஸ் பவுடருமாக வந்து, "காலேஜுக்கு நேரமாச்சும்மா" என்று என் காலில் விழுவார். மயிலாப்பூர் சபாவின் முன்வரிசை மாமாக்கள் கைதட்டுவார்கள். பதினோரு வருடம் அந்த அசட்டுத்தனத்தை நான் ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தேன்.

அவர் எனக்குச் சொல்லித்தந்த நடிப்பு ஒன்றே ஒன்றுதான்: அவர் பேசும்போது நான் இரண்டடி தள்ளிப் பின்னால் நிற்க வேண்டும். குரலை எப்படி எடுப்பது என்று கற்றுக்கொடுத்தவர், வேலைக்காரி வேடத்திலேயே காலம் தள்ளிய ஓர் அக்கா. ஒத்திகை முடிந்து திருவான்மியூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னை வசனம் பேசவைப்பார். "தொண்டையால கத்தாதே. வயித்துலேருந்து வரணும்."

பிறகு ஒரு சினிமாவில், மகனை அறையும் அம்மாவாக ஒரு காட்சி கிடைத்தது. படம் நன்றாக ஓடியது. மாட வீதியில் கீரை விற்பவர், "இன்னாக்கா, அந்த அறை அறைஞ்சுட்டே" என்று சிரித்தார். அடுத்த ஒத்திகையில் தலைவர் எல்லோர் முன்னாலும், "சினிமாவுல நடிக்கறவாளுக்கு இங்க இடமில்லை. நாளையிலேருந்து வர வேண்டாம்" என்றார். அதற்கு முந்தின வாரம்தான் அதே படக் கம்பெனிக்குத் தன் போட்டோக்களை அனுப்பியிருந்தார். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

சினிமாவும் சீரியலுமாகப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடியது. போன வருடம் தி.நகரில் ஒரு சபா எனக்குப் பாராட்டு விழா நடத்தியது. தலைமை தாங்க அவரையே கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் என் பக்கம் சாய்ந்து, "உன் சீரியல் டைரக்டர்கிட்ட என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லேன்" என்றார்.

"தாத்தா வேஷம் ஒண்ணு இருக்கு."

"தாத்தாவா? அப்பா வேஷம் இருக்கான்னு பாரு."

எழுபதைத் தாண்டியவர். மீசைக்கு அடித்த மை கன்னத்தில் தீற்றியிருந்தது.

மைக்கைப் பிடித்து, "இந்தக் குரலை உருவாக்கினதே நான்தான்" என்றார். கொஞ்சம்கூடக் கூசவில்லை. என் முறை வந்தபோது, "இந்தக் குரலை எனக்குக் கொடுத்தவங்க மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்காங்க" என்று அக்காவை மேடைக்கு அழைத்தேன். எனக்குப் போர்த்தத் தலைவர் எடுத்து வைத்திருந்த சால்வையை வாங்கி அக்காவுக்குப் போர்த்தினேன். தலைவருடைய கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. பிறகு வயிறு சரியில்லை என்று காரில் ஏறிப் போய்விட்டார்.

சபா செயலாளர் என்னிடம் வந்து, "பெரியவரை இப்படிச் செய்திருக்க வேண்டாம்" என்றார்.

"அவர் பெரியவர் இல்லை சார். வயசானவர், அவ்வளவுதான்."

கேன்டீனில் அக்கா, "பாவம்டி" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்று அவரை நினைத்தால் கோபம்கூட வருவதில்லை. அதற்கும் அவருக்குத் தகுதியில்லை. அவ்வளவு காலம் இரண்டடி பின்னால் வாய் திறக்காமல் நின்ற என்னை நினைத்தால்தான் கூசுகிறது.